ஒரு சேர்ப்புக்கு ஐந்து மதிப்பெண்

1

இது முழுக் கற்பனை என்று முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன். தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஆகிவிட்டால் இதை உங்களுக்கு அனுப்ப முடியாது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் ஒழுங்குக் குழுவுக்குத்தான் அனுப்ப வேண்டும், மூன்று நகல்கள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தோடு.

சிக்கல் என்னவென்றால், போன மாதமும் இதே 'முழுக் கற்பனை' என்ற சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய்யாகிப் போனது. பொய் என்று எனக்கே தெரியாமல் சொன்ன பொய். இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது.

நான் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்று என்று எது வந்தாலும் பெயர்த்துக் கொடுத்து, கடைசியில் 'மேற்கண்டது மூலத்துக்கு உண்மையானது, முழுமையானது' என்று எழுதி என் வட்ட முத்திரையைக் குத்துவேன். பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுதியதையே எழுதியவள் இப்போது முதல்முறையாக மூலம் இல்லாமல் எழுதுகிறேன். தலை கிறுகிறுக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே ஒரு யானை நிற்கிறது. [நிற்கவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, பார்த்தீர்களா?]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அன்று காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா குடையை உதறியபடி படியேறி

நிறுத்திவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. அக்காவிடம் குடையே கிடையாது.

இதற்கு எங்கள் தொழிலில் பெயர் உண்டு: சேர்ப்பு. வாய்மொழியாகப் பெயர்ப்பவர்களுக்கான சங்கத் தேர்வில் மூன்று வகைத் தவறுகள் உண்டு. சொல்லாததைச் சொன்னால் அது சேர்ப்பு, ஐந்து மதிப்பெண் போகும். சொன்னதைச் சொல்லாமல் விட்டால் விடுபடல், மூன்று போகும். சொன்னதை வேறொன்றாக மாற்றினால் திரிபு, பத்து போகும். நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கினால்தான் சான்றிதழ். யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்பதால் இந்தக் கதைக்கும் அங்கங்கே அடைப்புக்குறிக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டே வருகிறேன். யானைக்கு ஐந்து, மழைக்கு ஐந்து, குடைக்கு ஐந்து. இரண்டாம் பகுதியிலேயே எண்பத்தைந்துக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'மொழிபெயர்ப்பாளர்களுக்கான தகுதிச் சான்றிதழ் முறை உருவான விதத்தை ஆராயும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது'. இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: 'என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் ஏழு மாதம்.'

இது நன்றாக இருக்கிறது. உண்மையும்கூட, ஒரு வகையில். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறாள். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும், நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊரின் மொழி, அதாவது ஊர்மொழி, மட்டும் தெரிந்த டாக்டருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இருபத்திரண்டு வருடமாக அங்கும் இங்கும் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறாள். கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, இப்போது யாரும் பேசாவிட்டாலும் திரும்புகிறது.

இந்தத் தொழிலின் முதல் விதி கொஞ்சம் விசித்திரமானது. நோயாளி 'எனக்கு வலிக்குது' என்றால், மொழிபெயர்ப்பவரும் 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்ற சொல் அந்த அறையில் மற்ற இருவருக்குத்தான் சொந்தம். மொழிபெயர்ப்பவர் தன் சொந்த விஷயமாக ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், கையை லேசாகத் தூக்கி, 'இது மொழிபெயர்ப்பாளர் பேசுவது' என்று தன்னையே மூன்றாம் மனிதராக ஆக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். அதுவும் இருபக்கத்து மொழியிலும். அதுவும் விளக்கம் தேவைப்படும்போது மட்டும்.

அக்கா இருபத்திரண்டு வருடமாக 'அவருக்கு வலிக்குதாம்' என்று சொல்லிப் பழகியவள். அதை மாற்றத்தான் பயிற்சி கொடுத்தேன். நான் போனில் தமிழில் வாசிப்பேன், அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி ஊர்மொழியில் திருப்பிச் சொல்வாள். ஒருநாள் கர்ப்பிணிப் பெண்ணின் வசனம். அக்கா கணீரென்று, "எனக்கு ஏழு மாசம், காலெல்லாம் வீங்கியிருக்கு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்து இடம் கொடுத்தார். அக்கா உட்கார்ந்துவிட்டாள். அப்படி இல்லை என்று சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, சொல்லியிருந்தால் அது சேர்ப்பு ஆகியிருக்கும் என்றாள்.

இந்தப் பயிற்சி எல்லாம் எதற்கு? ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சங்கத்தின் சான்றிதழ் உள்ளவர்களை மட்டுமே கூப்பிடுவார்களாம். இருபத்திரண்டு வருட வேலை என்பது சான்றிதழ் ஆகாதாம். அக்கா ஏற்கெனவே இரண்டு முறை தேர்வெழுதித் தோற்றவள். மூன்றாவதிலும் தோற்றால் இரண்டு வருடம் தேர்வுப் பக்கமே வரக் கூடாது. அதாவது இந்த ஒரு தேர்வில் அக்காவின் வேலை மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் தேர்வில் நோயாளியாக நடித்தவர் 'எனக்கு மூணு நாளா நெஞ்சு வலி' என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அக்கா அதைப் பெயர்ப்பதற்கு முன் அவர் கையைப் பிடித்து, பயப்படாதீங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டாள். சேர்ப்பு, சேர்ப்பு. அப்புறம் அவர் மனைவிக்குத் தகவல் சொல்லியாச்சா என்றும் கேட்டாள். இரண்டாவது தேர்வில் டாக்டராக நடித்தவர் சிகரெட்டின் தீமைகளைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். அக்கா நோயாளி பக்கம் திரும்பி, "சிகரெட்டை விடச் சொல்றாரு" என்றாள். ஏன் சுருக்கினீர்கள் என்று கேட்டபோது, அவர் ஒரே விஷயத்தை ஆறு தடவை சொன்னார், எண்ணினேன் என்றாளாம்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அக்காவை நான் ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேனோ? நோயாளி கையைப் பிடிக்கும் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது. சமன்செய்ய அவள் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாள். வீட்டில் எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா என்ன சொல்ல வராங்கன்னா" என்று நடுவில் புகுந்து தமிழிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பாள். அவள் கணவர், என் மாமா, அவளிடம் கோபித்துக்கொண்டால் அதையும் எனக்குப் பெயர்த்துச் சொல்வாள், மாமா பக்கத்திலேயே நிற்கும்போது.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சங்கடமும் உண்டு. சான்றிதழ் எல்லாம் என்னிடம். வேலை எல்லாம் அவளிடம். நான் ஒரு நாளில் இரண்டு பிறப்புச் சான்று பெயர்ப்பேன். அவள் அதற்குள் இரண்டு பிறப்பையே நேரில் பார்த்திருப்பாள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஊருக்கு வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. பள்ளியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா சலவைக்கூடத்துச் சீருடையோடு ஓடி வந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் ஊர்மொழி சுத்தமாகத் தெரியாது, அதற்குள் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்த அக்காதான் நடுவில். டீச்சர் சொன்னாராம்: 'இவளுக்கு எழுத்து நன்றாக வரும். மொழியில் தனித் திறமை இருக்கிறது. வீட்டில் நிறையப் படிக்க விடுங்கள்.' அம்மா அந்த வாரமே ஒரு தடித்த அகராதி வாங்கிக் கொடுத்தாள். சாயங்காலம் தோறும் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள். அவ்வளவுதான், நான் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன்.

சங்கத்தில் சேரும் விண்ணப்பத்தில் 'இத்தொழிலைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

5

சங்கத்துக்கு நான் இன்னொரு வேலையும் செய்கிறேன். தேர்வுக்கான காட்சிகளை எழுதுவது. டாக்டரும் நோயாளியும், வங்கிக்காரரும் வாடிக்கையாளரும் என்று இருபது காட்சிகள். ஒரே ஒரு கண்டிப்பான நிபந்தனை: உண்மையில் நடந்த எதையும் எழுதக் கூடாது. தேர்வெழுத வருபவர் அந்தச் சம்பவத்தில் இருந்தவராக இருந்துவிட்டால் தேர்வே செல்லாது. அதனால் 'இவை முழுக் கற்பனை' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.*

* சங்கத்தின் செயலாளர் இந்த உறுதிமொழியை ஆறு உட்பிரிவுகளோடு தயாரித்தவர். அவர் காலை வணக்கத்தைக்கூட உட்பிரிவுகளோடுதான் சொல்வார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே உட்பிரிவு. தமிழ் தெரியாதவர் என்பதால் நிம்மதியாக எழுதுகிறேன்.

பதினான்காவது காட்சி பள்ளிக்கூடம். நன்றாகப் படிக்காத ஒரு பெண், அவள் டீச்சர், அவள் தாய். ஒரு மத்தியானம் தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். வழக்கமாக நான் இவ்வளவு வேகமாக எழுதுகிறவள் இல்லை. சரளமாக வந்தது. எனக்குக் கற்பனை வளம் இருக்கிறது என்று ரொம்பவே பூரித்துப் போனேன். [இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சிரிக்கலாம்.]

6

சங்கத்தின் அறை ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இருக்கிறது. நீள மேஜை, மூன்று நாற்காலி, சிவப்பு விளக்கு எரியும் ஒலிப்பதிவுக் கருவி. கீழேயிருந்து பல்லைக் குடையும் சத்தம் விட்டு விட்டு வரும். தேர்வெழுத வருபவர்களின் முகத்தைப் பார்த்தால் யார் எந்த மாடிக்கு வந்தவர் என்று சொல்ல முடியாது.

அன்று தமிழ் பேசி நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். என்னை உட்காரச் சொன்னார் உட்பிரிவு. நான் தேர்வெழுதுபவரின் தங்கை என்று எழுத்தில் சொன்னேன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தமிழுக்குச் சங்கத்தில் மொத்தமே பதினோரு உறுப்பினர்கள், அதில் நாலு பேர் ஒரே குடும்பம், உறவு பார்த்தால் தேர்வே நடத்த முடியாது என்பதால் இதற்கும் ஒரு உட்பிரிவு இருந்தது. மதிப்பெண் போடுவது நாங்கள் இல்லை. ஒலிப்பதிவு வெளியூர்த் தேர்வாளருக்குப் போகும். நான் காகிதத்தில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

அக்கா இருபது உறைகளில் ஒன்றை எடுத்தாள். பதினான்கு.

டீச்சர் வேடம் உட்பிரிவுக்கு. வழுக்கைத் தலையை ஒருமுறை தடவிவிட்டு ஊர்மொழியில் ஆரம்பித்தார். உங்கள் மகள் பாடம் நடக்கும்போதெல்லாம் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதல் வரி, தொடர்ந்து இன்னும் மூன்று வரி.

அக்கா பேசவில்லை. ஐந்து விநாடிவரை மௌனம் அனுமதி. ஒன்று, இரண்டு. என்னைப் பார்த்தாள். மூன்று. இன்னும் பார்த்தாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு.

"உங்க பொண்ணு பாடம் நடக்கறப்பெல்லாம் மீன் தொட்டியையே பாத்துட்டு இருக்கா" என்றாள். "ஒரு நோட்டுகூட முடிச்சுக் குடுத்ததில்ல. மேல் வகுப்புக்கு அனுப்ப எனக்கு மனசில்ல. எழுத்து சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் இவ வருவான்னு எனக்குத் தோணல."

அப்படியே அச்சு. 'டீச்சர் சொல்றாங்க' இல்லை. 'கவலைப்படாதீங்க' இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. என் வரியை வாசித்தேன்: "நான் காலைல போனா இருட்டினப்புறம்தான் வரேன். இவளோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல. ரெண்டு அறை விட்டா வழிக்கு வருவா." அக்கா அதையும் சேதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினாள். இப்படியே பத்து நிமிடம். சேர்ப்பு பூஜ்யம், விடுபடல் பூஜ்யம், திரிபு பூஜ்யம். மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ண ஒன்றுமில்லை.

சந்திப்பு முடிந்தது என்றார் டீச்சர் உட்பிரிவு. அக்கா அதைச் சொன்னாள். 'சரிங்க' என்பது என் கடைசி வரி. அதற்காக வாயைத் திறந்தேன்.

அக்காவின் கை லேசாக மேலே போனது. முதலில் உட்பிரிவிடம் ஊர்மொழியில் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில்.

"இது மொழிபெயர்ப்பாளர் பேசறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல விரும்பறாங்க. அந்தப் பொண்ண மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். அவ பின்னாடி நல்லா வந்தா."

உட்பிரிவு காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் சரிங்க என்றேன்.

7

படியில் இறங்கும்போது நான் கத்தினேன். [சேர்ப்பு. பல் மருத்துவர் வாசலில் ஆட்கள் இருந்ததால் கிசுகிசுத்தேன், ஆனால் கத்துகிற மாதிரி.] கடைசி நிமிடத்தில் எதற்கு இந்த வேலை, காகிதத்தில் இருக்கும் பெண்ணை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"என்ன தெரிஞ்சது?"

"மீன் தொட்டி வரைக்கும் எழுதியிருக்க. என்ன தெரிஞ்சதுங்கற."

அங்கேதான் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. டீச்சரின் ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. நான்கு ஆரஞ்சு மீன்கள், அதில் ஒன்று எப்போதும் மூலையில். வகுப்பில் ஒரு சொல்லும் புரியாத ஒன்பது வயதுப் பெண் வேறு எதைப் பார்ப்பாள்? பெரியவர்கள் பேசிக்கொண்ட அந்தச் சந்திப்பிலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே டீச்சர் பேச்சின் ஒலியைக் கேட்டிருக்கிறேன், மொழி பிடிபட்ட பிறகு அதற்கு அர்த்தமும் வந்து ஒட்டியிருக்க வேண்டும். அம்மா சொன்னது தமிழ், அது காதில் விழுந்திருக்கிறது, எங்கேயோ போய்த் தங்கியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், என் கற்பனை வளம் என்று பெயர் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறது.

மிச்சத்தை அக்கா சொன்னாள். டீச்சர் என்னைப் பாராட்டவே இல்லை. நான் எழுதிய காட்சியில் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டதுமே புகார்தான் என்று நினைத்து அம்மாவும் அதையேதான் முதலில் சொல்லியிருக்கிறாள். பதினான்கு வயது அக்கா நடுவில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்ததை இந்தப் பக்கம் விடவில்லை. அம்மாவிடம், இவளுக்கு எழுத்து நன்றாக வருமாம் என்றாள். டீச்சரிடம், அம்மா தினமும் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்களாம், ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள் என்றாள். அம்மாவுக்கு எங்கே நேரம்? அந்த வாக்கைக் காப்பாற்ற அவளே உட்கார்ந்தாள், சாயங்காலம் தோறும், நான்கு வருடம்.

"அறைக் கணக்குதான் தப்பா எழுதியிருக்க" என்றாள். "அம்மா ரெண்டு சொல்லல. நாலு சொன்னாங்க."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் ஆரம்பித்தாள். கன்னத்தில் கைவைத்தபடி மேலே வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போகப் பயந்து நின்றார். சிரித்து முடித்தபோது என் கண்ணில் தண்ணீர், அதில் பாதி சிரிப்பால் வந்தது இல்லை. என் விண்ணப்பம், என் முத்திரை, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதிய பெருமை எல்லாம் இரண்டு பெரிய திரிபுகளின் மேல் நிற்கிறது. இன்றைய கணக்கில் அக்காவை ஆயுளுக்கும் தடைசெய்திருப்பார்கள். இவளுக்கு நான் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

"சரி, எல்லாத்தையும் சரியாத்தான சொன்ன. கடைசில ஏன் கையத் தூக்கின?"

"அப்படியே சொன்னதும் பயமாயிடுச்சுடி. அதோட முடிஞ்சிட்டா நீ என்ன ஆவ?"

8

வெளியே வந்ததும் அம்மா போன் செய்தாள். தேர்வு எப்படி என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் என் காதிலும் விழும்படி சொன்னாள்: "இவளுக்கு வாய்ச்ச அந்த டீச்சர் மாதிரி உனக்கும் ஒருத்தங்க வாய்ச்சிருந்தா, நீயும் எப்பவோ சர்டிபிகேட் வாங்கியிருப்ப." அக்கா ஆமாம் என்றாள். நானும் ஆமாம் என்றேன். [விடுபடல். மூன்று.]

இனி முடிவு. முடிவு அ: ஆறு வாரத்தில் கடிதம் வருகிறது, அக்கா தேர்ச்சி. உட்பிரிவு எழுந்து நின்று கைதட்டுகி

இல்லை, அவர் கைதட்டமாட்டார்.

முடிவு ஆ: அக்கா தோற்கிறாள். ஒன்றாம் தேதி காலை ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய பழைய நோயாளிகள் எல்லோரும் திரண்டு வந்து, எங்களுக்கு இவர்தான் வேண்டும் என்று [சேர்ப்பு, சேர்ப்பு, சேர்ப்பு. நோயாளிகள் திரளமாட்டார்கள், அவர்களுக்கு உடம்பு சரியில்லை.]

முடிவு இ: நான் சங்கத்துக்குப் போய், பதினான்காவது காட்சி கற்பனை இல்லை, நடந்தது, தேர்வெழுதியவர் அதில் இருந்தவர் என்று ஒப்புக்கொள்கிறேன். தேர்வு செல்லாமல் போகிறது, ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. நேர்மையான முடிவு இதுதான். பதினெட்டு வருடம் முத்திரை குத்திய கை இதைத்தான் எழுதப் போனது. நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் 'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்பதோடு நின்றுபோனது.

அதனால்தான் இது கதை. புரிகிறதா? கதை என்றால் காட்சியும் கற்பனை, என் உறுதிமொழியும் உண்மை, அக்காவின் தேர்வும் செல்லும். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திரிபை நானே செய்கிறேன். அக்கா செய்ததில் பாதி அளவுகூட இல்லை.

9

கடிதம் இன்னும் வரவில்லை. ஒலிப்பதிவு வெளியூரில் யாரோ ஒருவர் மேஜையில் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பு என்று வைத்தால், தேவையின்றிக் குறுக்கிட்டதற்குத் தனி அபராதம் இருபது, இருபக்கமும் சொன்ன இரண்டு சேர்ப்புக்குப் பத்து என்று முப்பது மதிப்பெண் போய்விடும், அக்கா தோற்றாள். விளக்கம் என்று வைத்தால் நூற்றுக்கு நூறு. விளக்கம் என்று ஏற்க விதியில் ஒரு நிபந்தனை உண்டு: சொன்னது உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த வெளியூர்த் தேர்வாளர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கதையில் அது நீங்கள்தான். அந்தப் பெண் எழுதியதை முதல் வரியிலிருந்து இதுவரை படித்திருக்கிறீர்கள். யானையையும் சேர்த்து. அவள் நன்றாக வந்தாளா என்பதற்கு வேறு சாட்சியம் என்னிடம் இல்லை. படிவம் கீழே இருக்கிறது. என் முத்திரையை இதில் குத்த மாட்டேன்.

தேர்வர்: அக்கா.
காட்சி எண்: 14.
கடைசி வாக்கியம்: சேர்ப்பு / விளக்கம்.
(பொருந்தாததை அடிக்கவும்.)
தேர்வாளர் கையொப்பம்: